மைனஸ் விழுந்த கடல்

ரமணி குத்திய கார்டில் தப்பு என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். நாலு வருஷத்துக்கு மேல் அவள் பக்கத்து மெஷினில் உட்கார்ந்தவள் இந்த இராஜம்மா. என் கார்டில் தப்பு இருந்தது, நிறையவே இருந்தது. ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. அவள் கார்டில் கிடையாது.

1980ஆம் வருஷம். தலைநகரில், பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் ஓர் அறையை இருவரும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, கடலை ஆராயும் ஒரு நிலையத்தில் வேலை பார்த்தோம். ஆராய்ச்சிக்காரர்கள் தாளில் எழுதித் தரும் கணக்கை, வரிக்கு ஓர் அட்டையாக ஓட்டை குத்தித் தருவோம். அந்தக் கார்டுகள் பெட்டியோடு மினி பஸ் ஏறி வேறொரு கட்டடத்தில் இருக்கும் கம்ப்யூட்டருக்குப் போகும். மறுநாள் விடை தாளில் அச்சாகி வரும். ரமணி காப்பார் ஊர்ச் செம்பனைத் தோட்டத்திலிருந்து ஃபார்ம் ஃபைவ் பள்ளிப் படிப்பு முடித்து வந்தவள். ஆறு மாதத் தற்காலிக வேலை. பிப்ரவரி கடைசியில் நிரந்தரம் ஆக வேண்டும்.

அந்த நேரம் பார்த்து எங்கள் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன், மலாக்கா நீரிணையைக் கம்ப்யூட்டருக்குள் அடைக்கக் கிளம்பினார். நீரில் கரைந்திருக்கும் சத்தைக் கண்ணுக்குத் தெரியாத பாசி தின்னும். பாசியைப் பூச்சி தின்னும். பூச்சி செத்தால் சத்து மறுபடி நீருக்கே வரும். இப்படி நாள் நாளாக ஒரு வருஷத்துக்குக் கணக்கு. நல்ல கணக்குதான். ஆனால் இருபத்து மூன்றாம் நாள் நீரில் இருந்த சத்து மைனஸ் 0.43 என்று அச்சாகி வந்தது.

"என்ன ரமணி, கடல்ல சத்து மைனஸ்லயா இருக்கும்? கார்டைப் பாத்துக் குத்துங்க லா" என்றார் டாக்டர்.

மறுபடி குத்தினாள், மைனஸ். மூன்றாம் தடவையும் மைனஸ். அவர் கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் தன் கணக்கில் தப்பு வரும் என்று அவருக்குக் கனவிலும் தோன்றாது. "மாசக் கடைசிக்குள்ள சரியா வரலேன்னா கவனக்குறைவுன்னு உங்க ஃபைல்ல எழுதிடுவேன்" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல் ஃபைலில் ஏறினால் வேலை நிரந்தரமாவது எங்கே? பாவி மனுஷா என்று நான் மனசுக்குள் திட்டினேன்.

"வேலை போனா போகட்டும்டி. என் கார்டுல தப்புன்னு எழுத மட்டும் விடமாட்டேன்" என்றாள் ரமணி.

சாப்பாட்டு நேரத்தில் நாசி லெமாக் பொட்டலத்தைக்கூடப் பிரிக்காமல், இருபத்து மூன்றாம் நாள் கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தாள். அன்று காலை நீரில் இருந்த சத்து 0.40. அந்தக் காலை இருப்பைப் பார்த்தே, பாசி நாள் முழுக்க அதே வேகத்தில் தின்னும் என்று எழுதியிருந்தார் டாக்டர். அப்படிப் பார்த்தால் பாசி தின்பது 0.83. இருப்பது 0.40, தின்பது 0.83! கார்டும் சரி, மெஷினும் சரி. கணக்குப் போட்ட விதம்தான் கோணல்.

டாக்டரிடம் போய்ச் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "மைனஸ் வந்தா சைபர்னு வெச்சுக்கன்னு ஒரு கார்டு சேத்துடுங்க. முடிஞ்சுது" என்றார்.

மைனஸ் போய்விட்டது. அவருக்கு ஏக சந்தோஷம். ஆனால் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு கட்டு முடிந்ததும், கார்டு ஏதும் தொலைந்ததா என்று பார்க்க எல்லா எண்ணையும் கூட்டிப் பார்ப்போம். ரமணிக்குக் கை சும்மா இருக்குமா? நீரில் உள்ள சத்து, பாசியில் உள்ளது, பூச்சியில் உள்ளது, மூன்றையும் கூட்டினாள். முதல் நாள் பன்னிரண்டு. கடைசி நாள் பத்தொன்பது.

"வெளியேயிருந்து எதுவும் உள்ள வரல. ஏழு எங்கேருந்து வந்துச்சு டாக்டர்?"

டாக்டர் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். இருப்பைச் சைபர் ஆக்கினாரே தவிர, பாசி இன்னும் 0.83 தின்றுகொண்டுதான் இருந்தது. இல்லாத சோற்றைத் தின்று கொழுத்த பாசி! ஒரு நாளை இருபத்து நாலு மணியாகப் பிரித்துக் கணக்குப் போட்டால் சரியாகும்தான். அதற்கு இருபத்து நாலு மடங்கு மெஷின் நேரம் வேண்டும். எங்களுக்குக் கொடுத்ததோ வாரத்துக்கு அரை மணி.

இதற்கிடையில் தைப்பூசம் வந்தது. பத்துமலையில் காப்பார்க்காரர்கள் போட்ட பந்தலில் என்னைப் பாயசம் பரிமாறச் சொன்னார்கள். நிறைந்த அண்டாவைப் பார்த்ததும் எனக்குக் கை தாராளமாகிவிட்டது. இலைக்கு இரண்டு அகப்பை என்று வாரி வார்த்துக்கொண்டே போனேன். மூன்றாம் வரிசையில் அண்டா காலி. நாற்பது இலை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"யக்கா, இவங்களுக்கு என்ன பதில் சொல்றது?" என்று பந்தல் பொறுப்பாளர் விஜயன் கத்தினார்.

"சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்! நான் என்ன பண்ண?" என்று நானும் கத்தினேன். தப்பு என்மேல், கத்தலும் என்னுடையது.

சாம்பார் வாளியோடு வந்த ரமணி அப்படியே நின்றுவிட்டாள். "அண்டா நெறஞ்சு இருந்ததைப் பாத்து அள்ளினே. அள்ள அள்ள அகப்பை சிறுத்திருக்கணும். மிஞ்சப் போறதைப் பாத்து அள்ளியிருக்கணும்டி" என்றாள். நான் திட்டுகிறாள் என்றே நினைத்தேன்.

திங்கட்கிழமை அவள் மாற்றியது மூன்றே கார்டு. காலை இருப்பை வைத்துத் தின்னாதே, அன்றைக்கு மிஞ்சப்போவதை வைத்துத் தின் என்று கணக்கைத் திருப்பினாள். அப்படித் திருப்பினால் கழித்தல் வகுத்தலாகிவிடுகிறது. 0.83ஐ 0.40ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டினால் 3.075. இருப்பை அதனால் வகுத்தால் மிஞ்சுவது 0.13. குறைந்த 0.27தான் பாசிக்கு. ஒன்றுக்கு மேற்பட்ட எண்ணால் எத்தனை தடவை வகுத்தாலும் மைனஸ் வருமா? வராது! வேறு தேசத்தில் யாராவது இதை முன்னமே கண்டுபிடித்திருக்கலாம். எங்களுக்கு யாரும் வந்து சொல்லவில்லை.

மெஷினில் எங்கள் முறை வந்து, வெள்ளிக்கிழமை தாள் வந்தது. டாக்டர் மேசையில் அதை விரித்தோம். முந்நூற்று அறுபத்தைந்து வரி. ஒரு மைனஸ் இல்லை. கூட்டுத்தொகை முதல் நாள் பன்னிரண்டு, கடைசி நாளும் பன்னிரண்டு. மெஷின் ஓடியது அதே அரை மணிக்குள். டாக்டர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"இப்ப சொல்லுங்க டாக்டர், தப்பு யார் கார்டுல?"

"என் தலையில, இராஜம்மா" என்றார். அப்படிச் சொல்ல ஒரு மனசு வேண்டும். அன்றோடு அவர்மேல் எனக்கிருந்த கோபம் போய்விட்டது.

ரமணி நிரந்தரமானாள். நாலு வருஷத்தில் புரோகிராமரும் ஆனாள். அதெல்லாம் பிற்பாடு. அன்று டாக்டர், ஃபைலில் போட எழுதி வைத்திருந்த கவனக்குறைவுக் கடிதத்தை எடுத்துக் கிழித்துப்போட்டார். பிறகு, இந்த மூன்று வரியைத் தனித் துண்டாக்கி ஒரு பெயர் வையுங்கள், அந்தப் பெயரைச் சொல்லித்தான் கணக்கு அதை அழைக்கும் என்றார். என்ன பெயர் என்று ரமணி கேட்டாள். அவர் தாளில் எழுதி நீட்டினார். அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கார்டை மட்டும் நான் குத்துகிறேன் என்று அடம்பிடித்து வாங்கிக் குத்தினேன். என் வாழ்நாளில் தப்பில்லாமல் குத்திய ஒரே கார்டு அதுதான். அதன் பிறகு அந்தக் கடலில் ஒவ்வொரு நாளும் பாசி வாய் வைக்குமுன், கணக்கு 'ரமணி' என்று கூப்பிட்டுவிட்டுத்தான் மேலே போனது.