பூஜைக்குப் போன பேக்கப்

ஒரு ரொட்டிக் கம்பெனியின் மொத்தச் சம்பளக் கணக்கையும் சந்தனம் பூசிக் கொன்றவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்டால் என்னை வெறும் முட்டாள் என்று நினைத்துவிடுவீர்கள். நான் பக்தியுள்ள முட்டாள்.

கம்பெனியின் பழைய கட்டடம், மலையாளம் பேசுகிற எங்கள் ஊரில், கிழக்கேகோட்டையிலிருந்து நடந்து போகிற தூரம். ஒரு காலத்தில் அங்கேதான் அடுப்பு, மாவு, சண்டை, சம்பளம் எல்லாம். அடுப்புகளை ஊருக்கு வெளியே கொண்டுபோனார்கள். ஆபீஸ் கழக்கூட்டம் என்ற இடத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குக் குடிபோனது. மிஞ்சியது காலி பிஸ்கட் டின்கள், ஒரு கம்ப்யூட்டர், நான். டின்களைப் பழைய சாமான் வாங்குகிறவர் அவ்வப்போது வந்து எடுத்துப் போவார். கம்ப்யூட்டரையும் என்னையும் அவர் ஒரு தடவைகூட விலை கேட்டதில்லை.

அந்தக் கம்ப்யூட்டரை விட்டுவைத்ததற்குக் காரணம் இருந்தது. சம்பளம் போடுகிற புரோகிராம் எந்தக் காலத்திலோ யாரோ எழுதிக் கொடுத்தது. புது மெஷின் எதிலும் அது ஓடாது. வெள்ளையாக வந்து, வருஷம் ஆக ஆகப் பழைய பல் மாதிரி மஞ்சளாகிப்போன இந்த ஒரு பெட்டியில்தான் ஓடும். அதை ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் பாக்கி. ரிட்டயர் ஆன பிறகும் என்னை வைத்துக்கொண்டிருந்தார்கள் என்று சொல்லிக்கொண்டால் பெருமையாக இருக்கும். உண்மையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் அதோடு சேர்ந்து வந்த ஒயர்.

சம்பளம் போட்டு முடித்ததும் பேக்கப் எடுப்பது என் வேலை. பின்பக்கம் கையை விட்டுத் தடவி, பென் டிரைவைச் செருக வேண்டும். முதலில் தலைகீழாகத்தான் செருகுவேன். அது என் வழக்கம். கறுப்புத் திரையில் ‘ஆர் யூ ஷ்யூர்?’ என்று கேள்வி வரும். நான் வாய்விட்டே, “ஷ்யூர்தாம்ப்பா” என்று சொல்லிவிட்டு ஒய் என்ற எழுத்தை அமுக்குவேன். மனைவி போன பிறகு வீட்டில் என்னைக் கேள்வி கேட்க ஆளில்லை. பெங்களூரிலிருந்து மகள் கூப்பிடுவாள், “சாப்டாச்சாப்பா?” என்று கேட்பாள், நான் என்ன சாப்பிட்டேன் என்று சொல்லத் தொடங்குவதற்குள் அவளுக்கு ஆபீஸ் மீட்டிங் வந்துவிடும். ஆக, ஒரு கேள்வி கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும்வரை கண்ணைச் சிமிட்டிக்கொண்டு காத்திருந்த ஒரே ஜீவன் அந்தத் திரைதான்.

இனி பூஜை விஷயம். எங்கள் ஊரில் நவராத்திரியின் அஷ்டமி சாயந்தரம் புத்தகங்களையும் தொழில் செய்கிற சாமான்களையும் பூஜைக்கு வைத்துவிடுவார்கள். விஜயதசமி காலையில் எடுக்கிறவரை தொடக் கூடாது. படிப்பு, எழுத்து எதுவும் கிடையாது. பழைய கட்டடத்தில் அந்த நாளில் அடுப்புக்கே மாலை போடுவோம். மாவு பிசைகிற மெஷினுக்குக் குங்குமம், டெலிவரி வண்டிக்கு வாழைக்கன்று, எல்லோருக்கும் பொரியும் அவலும். அடுப்பும் ஆட்களும் போன பிறகு பூஜை வைக்க என்னிடம் இருந்தது இந்தப் பெட்டி மட்டும்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு, என் வீடு இருக்கிற வலியசாலை வரை நடக்க முடியுமா? கோவில்களில் இதற்கு ஏற்கெனவே வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்களே. மூலவர் இருந்த இடத்தில் இருப்பார். உற்சவர் புறப்பாடு போவார். மூலவர் கம்ப்யூட்டர், உற்சவர் பென் டிரைவ் என்று முடிவு செய்தேன். ஒரு சுலோகப் புத்தகத்தின் நடுவில் பென் டிரைவை வைத்து, பட்டுத்துணியில் முடிந்து, என் பெயரை எழுதிச் செருகி, தெருக்கோடிப் பிள்ளையார் கோவிலில் பூஜைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். வேறு காப்பி வைத்திருந்தாயா என்று கேட்காதீர்கள். வைத்திருந்தால் இந்தக் கதையை எழுத எனக்குத் தகுதி ஏது?

மறுநாள் நவமி. லீவு. தெரு முழுக்க வாசலில் செருப்புகள். எல்லா வீட்டிலும் விருந்தாளிகள். என் வாசலில் என் செருப்பு மட்டும் கிடந்தது. அதைக் காலில் மாட்டிக்கொண்டு போய்விட்டால் வீட்டில் ஆளில்லை என்றாவது தோன்றுமே என்று ஆபீசுக்குக் கிளம்பினேன். போகிற வழியில் ஒரு முழம் மல்லிகை வாங்கினேன். பூக்காரி தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுருட்டிக் கொடுத்தாள்.

மூலவரைத் துணியால் துடைத்து, நெற்றி என்று எனக்குப் பட்ட இடத்தில் சந்தனத்தைக் குழைத்துப் பூசினேன். தாராளமாகவே பூசினேன். மல்லிகைச் சரத்தைத் தலைமேல் சுற்றினேன். அதோடு திரும்பியிருக்கலாம். பூவும் பொட்டுமாக அது உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும், அதன் முன்பக்கத்துச் சின்ன விளக்கும் எரிந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று தோன்றிவிட்டது. பூஜை வைத்ததைத் தொடக் கூடாதே? வேலை செய்யத்தானே கூடாது, விளக்கு எரியலாமே என்று எனக்கு நானே சாஸ்திரம் சொல்லிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன்.

டப்.

மேலே இருந்த காற்றுப் போகிற ஓட்டைகளுக்குள் பூவிலிருந்து தண்ணீர் சொட்டியிருக்கிறது. ஒரு கீற்றுப் புகை வந்தது. மல்லிகை வாசனையும் கருகல் வாசனையும் கலந்து, அந்த அறை கொஞ்ச நேரம் யாகசாலை மாதிரி இருந்தது. பிறகு சத்தம் இல்லை. அந்தப் பெட்டியின் ஃபேன் எப்போதும் இழுப்புக்காரர் மாதிரி இரைந்துகொண்டிருக்கும். அது நின்ற பிறகுதான் அந்தக் கட்டடம் எவ்வளவு காலியாக இருக்கிறது என்று காதில் விழுந்தது.

சரியாக அப்போதுதான் போன் அடித்தது. கழக்கூட்டம் ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிற பெண். எல்லையோரத்துப் பாறசாலைப் பக்கத்துக்காரி; என்னோடு மட்டும் தமிழ் பேசுவாள். ஒரு மாதமாக அவளுடைய போன்தான் எனக்கு அதிகம் வந்தது. சம்பளத்தைப் புது சாஃப்ட்வேருக்கு மாற்றப்போகிறார்கள். பழைய டேட்டா முழுவதும் அதற்குள் ஏற வேண்டும். அதற்காக லீவு நாளிலும் அங்கே வேலை நடந்தது.

“சாரே, சாஃப்ட்வேர்காரங்க நாளைக்கு உச்சைக்கு, பன்னெண்டு மணிக்கு வராங்க. டேட்டா எப்பம் கிட்டும்?”

“ஒரு சின்ன பிரச்சினைம்மா. மெஷின் புகைஞ்சுடுத்து.”

“அய்யோ! தீ பிடிச்சதா?”

“இல்லை, பூ வெச்சேன்.”

அவளுக்கு என்னைப் பற்றி ஏற்கெனவே சில அபிப்பிராயங்கள் உண்டு.

“செரி, பேக்கப் உண்டுல்லா?”

“உண்டு. பூஜைக்கு வெச்சிருக்கேன்.”

“என்னத்த? பென் டிரைவயா?”

அவள் சிரித்தாள். பக்கத்தில் யாரிடமோ மலையாளத்தில் சொல்ல, அங்கேயும் சிரிப்பு. எனக்குக் கோபம் வரவில்லை. பண்டிகை நாளில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது. நான் காரணமாக இருந்தால் என்ன?

சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் சொன்னாள்: “சாரே, விளையாட்டில்ல. டேட்டா ஏறலேன்னா இந்த மாசம் ஒருத்தருக்கும் சம்பளம் போட ஒக்காது.”

அவள் சொல்லாமல் விட்ட பாதியும் எனக்குத் தெரியும். டேட்டா ஏறிவிட்டால் எல்லோருக்கும் சம்பளம் வரும், இந்த அறை வேண்டாம், பெட்டி வேண்டாம், ஒயரும் வேண்டாம். காலையில் சட்டை போட்டுக்கொண்டு கிளம்ப எனக்கு இருந்த ஒரே இடம் இது. அதைக் காலி செய்ய வேண்டிய சாமானை நானே கோவிலில் போய்க் கேட்டு வாங்கி வர வேண்டும்.

போனேன். பூஜை செய்கிறவர் என் வயதுக்காரர், ஒரே தெரு. நடை சாத்துகிற நேரம்.

“ஓய், அந்த முடிச்சிலேர்ந்து ஒரு சின்ன சாமான் மட்டும் எடுத்துக்கறேன்.”

“பூஜை வெச்சதை எடுக்கப்படாது ஓய். உமக்குத் தெரியாதா?”

“ஆபீஸ் விஷயம். அவசரம்.”

“அவசரமா இருக்கறதை ஏங்காணும் பூஜைக்கு வெச்சீர்?”

செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

சாலைக் கடைத்தெருவில் பழைய கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற ஒருவர் உண்டு. அவருக்குப் போன் போட்டேன். மலையாளி, என் தமிழுக்கு மரியாதை செய்து தமிழைப் போல ஒன்று பேசுவார். “வராம் சாரே. பட்சே ஸ்க்ரூடிரைவர் பூஜைக்கு வெச்சு போயி. நாளை எடுத்திட்டு வராம்” என்றார். எனக்கு மனசு லேசாகிவிட்டது. ஊரில் நான் மட்டும் இல்லை.

ஆபீசுக்குத் திரும்பி, மிச்சப் பகல் முழுவதும் செத்த பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. செய்ய வேறு வேலையும் இல்லை. காலி டின் ஒன்றைத் திறந்து முகர்ந்தேன். அடியில் ரஸ்க் வாசனை கொஞ்சம் இருந்தது. அக்கவுண்ட்ஸ் பெண் இரண்டு தடவை போன் செய்தாள். “ஏதாவது வழியுண்டா சாரே?” “நாளைக்கு நிச்சயம்.” இரண்டு தடவையும் இதே பேச்சு. மூன்றாவது தடவை கூப்பிடுவாள் என்று போனை மேஜைமேல் நிமிர்த்தி வைத்திருந்தேன். கூப்பிடவில்லை.

விஜயதசமி காலையில் கோவிலில் கூட்டம். சின்னக் குழந்தைகளை மடியில் வைத்து அரிசியில் எழுத வைத்தார்கள். பெரியவர்களும் விரலால் ‘ஹரிஸ்ரீ’ எழுத வேண்டும். நான் உட்கார்ந்து எழுதினேன். பக்கத்தில் ஒரு குழந்தை, பள்ளிக்கூடத்தின் முழு பயங்கரமும் இப்போதே தெரிந்துவிட்டதுபோல வீறிட்டது. அதற்கு ஆறுதல் சொல்லலாம் என்று பார்த்தேன். ஒருவன் வேலையில் சேருகிறான், ஒருவன் விலகுகிறான். நடுவில் நான் என்ன சொல்ல?

“இந்தாரும், உம்ம உற்சவர்” என்று முடிச்சைக் கொடுத்தார் பூஜைக்காரர். அவரும் சும்மா இருக்கவில்லை. புத்தகத்தைத் திறந்து பென் டிரைவின் வாயிலேயே சந்தனம் வைத்திருந்தார்.

ரிப்பேர்காரர் குங்குமம் வைத்த ஸ்க்ரூடிரைவரோடு வந்தார். பெட்டியைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த மல்லிகை இதழ் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். கருகிப்போனவற்றுக்குப் பதிலாக, தன் கடையிலிருந்து கொண்டுவந்த பழைய பவர் சப்ளையையும் பழைய ஹார்டு டிஸ்கையும் மாட்டி, என் அலமாரியில் கிடந்த பழைய சிடியிலிருந்து புரோகிராமை ஏற்றினார். நான் ஊக்கால் சந்தனத்தைச் சுரண்டினேன். ஃபேன் மறுபடி இரைந்தது.

பென் டிரைவைச் செருகினேன், முதலில் தலைகீழாக. ரீஸ்டோர் என்று கொடுத்ததும் கேட்டது: ‘ஆர் யூ ஷ்யூர்?’

விரல் அந்த எழுத்தின்மேல் இருந்தது. முன்னெல்லாம் யோசிக்காமல் பதில் சொல்லியிருக்கிறேன். அன்றுதான் கேள்வி புரிந்தது. சந்தனம் உள்ளே போய்ப் பென் டிரைவ் கெட்டுவிட்டது என்று சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்? எல்லாவற்றையும் மறுபடி கையால் ஏற்ற வேண்டியிருக்கும், அதற்கு இந்த அறை வேண்டும், நான் வேண்டும், தினமும் போன் வரும். அடுப்படியில் நிற்கிறவர்களின் சம்பளம் மட்டும் வராது.

“எந்தா சாரே, ஹேங்காயோ?” என்றார் ரிப்பேர்காரர்.

“மெஷின் இல்லை, நான்தான்” என்று சொல்லி ஒய்யை அமுக்கினேன்.

பெயர்கள் திரையில் ஏறத் தொடங்கின. இப்போது இருப்பவர்கள், போனவர்கள், செத்தவர்கள் எல்லோரும் வரிசை நம்பர்படி வந்தார்கள். அந்தப் புரோகிராம் யாரையும் அழிக்காது; வேலையை விட்டுப் போனவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பதோடு சரி. என் டீயில் பங்கு கேட்டவர், என் குடையை எடுத்துப்போய்த் திருப்பித் தராதவர், எனக்கு இந்தப் பெட்டியை ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் என்று ஒவ்வொருவராக மேலே ஏறி மறைந்தார்கள். இவ்வளவு பேர் அந்த அறைக்கு வந்து வெகுகாலம் ஆகிறது. என் பெயரும் வந்தது. பக்கத்தில் புள்ளி இல்லை.

புரோகிராம் பிரித்துக் கொடுத்த ஃபைலை ரிப்பேர்காரரின் லேப்டாப்பிலிருந்து அனுப்பினோம். அவர் போய்விட்டார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். போன் வரவில்லை. நானே கூப்பிட்டேன்.

“எல்லாம் கிடைச்சுதாம்மா?”

“கிட்டிச்சு சாரே. ஏறிட்டிருக்கு. ஒரு தப்பும் இல்ல.”

பின்னால் பலபேர் பேசுகிற சத்தம் கேட்டது. அவள் போனை வைத்துவிடுவாள் என்று தெரிந்தது. அவசரத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைப் பிடித்துக்கொண்டேன்.

“மாசா மாசம் பேக்கப் எடுக்கணுமேம்மா, மறக்கப்படாது. வேணும்னா நான் அங்கே வந்து எடுத்துத் தரட்டுமா?”

“அது தானா எடுத்துக்கும், சாரே.”