லின் கடையில் துக்கம் விசாரித்த கதை

பிறர் துக்கத்துக்கு ஆறுதல் சொல்லிச் சம்பளம் வாங்குவது என் தொழில். இதில் அழுகிறவர்களால் எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை, மேலாளர்களால்தான்.

நீங்களும் ஆசியாதானே

இரண்டாயிரத்துச் சொச்சம். கனடாவின் மொன்றியலில், சென்ட் லோரன்ட் பக்கத்துச் சமூக நிலையம் ஒன்றில் இருந்தேன். ஒருநாள் மேலாளர் பெண்மணி கூப்பிட்டார். அருகே டெப்பனர், அதாவது பால், பியர், சிகரெட் விற்கும் மூலைக்கடை, நடத்தும் லின் என்ற சீனரின் மனைவி இறந்துவிட்டாராம். செத்தவீடு முடிந்த மறுநாளே மனிதர் கடையைத் திறந்துவிட்டார். அதற்காக மகள் மெய் அப்பாவோடு கதைப்பதையே நிறுத்திவிட்டாள். உதவி கேட்டு வந்ததும் அவள்தான்.

“நான் மட்டக்களப்பு. எனக்குச் சீனம் தெரியாதே” என்றேன். என்னைப்போல் இங்கே வந்து மாட்டிக்கொண்டவர்களே, அடுத்த வசனம் உங்களுக்கும் பாடமாக இருக்கும்.

“பரவாயில்லை, நீங்களும் சோறுதானே சாப்பிடுறீங்கள்?”

நிலத்தைப் பார்

போகுமுன் பண்பாட்டு வகுப்பு. சீனர்களின் கண்ணை நேரே பார்க்கக்கூடாது, அமைதியாக நிற்கவேண்டும் என்றார்கள். நான் லின்னின் கடையில், பால் வைத்திருந்த குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில், நிலத்தைப் பார்த்தபடி அமைதி காத்தேன். அவர் கவுண்டரைவிட்டு வந்து என்னோடு சேர்ந்து நிலத்தைப் பார்த்தார். பிறகு கவலையோடு பிரெஞ்சில் கேட்டார்:

“மேடம், என்னத்தைத் துலைச்சுப்போட்டீங்கள்?”

மேல்மாடி

அடுத்தமுறை மெய்யையும் கூட்டிப்போனேன். செத்தவீட்டுக்குப் பிறகு அவள் கடைக்குள் காலே வைத்திருக்கவில்லை. அவள் கேட்கச் சொன்னதை நான் கேட்டேன்: “ஏன் உடனே கடையைத் திறந்தீங்கள்?”

லின் வாய் திறக்குமுன், லாட்டரிச் சீட்டு வாங்க வந்த ஒருவர், “எங்க, கடை மேடத்தைக் காணேல்ல?” என்றார். “மேல படுத்திருக்கிறா” என்றார் லின். பால் வாங்க வந்தவருக்கும் அதே பதில். மெய் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா போனது வாடிக்கையாளர் ஒருவருக்கும் தெரியாது. அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

பிறகு ஒரு பெண் சிகரெட் கேட்டு வந்தாள். “மேடம் சுகமா இருக்கிறாவா?” மெய் கவுண்டருக்குப் பின்னால் போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அம்மா செத்துப்போனா” என்றாள்.

லின் பின்பக்கத்துக் குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளேயிருந்து விம்மல் கேட்டது. ஆறுதல் சொல்லப் படித்ததெல்லாம் ஞாபகம் வர, நான் பின்னாலே ஓடப் பார்த்தேன். மெய் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறித்தாள்.

“விடுங்கோ. அப்பா பியர்ப் பெட்டி எண்ணுறார்.”

அன்று நான் செய்த ஒரே சேவை, காத்துநின்ற பெண்ணுக்குச் சிகரெட் எடுத்துக் கொடுத்ததுதான். நிலைய அறிக்கையில் அது ‘பண்பாட்டு உணர்வுள்ள தலையீடு’ என்று பதிவாகியிருக்கிறது.