காலுக்காகச் செய்த பெட்டி

சித்திரை வெயிலில், உச்சிவேளையில், கோயில் பிராகாரத்தில் எல்லோரும் குதித்துக் குதித்து நிழலுக்கு ஓடிக்கொண்டிருந்தபோது நான் மட்டும் நிதானமாக நடந்தேன். மண்டப நிழலில் நின்ற என் மனைவி, "மகாராஜா ஊர்வலம் போறாப்பல வரேளே, கால் சுடலையா?" என்றாள். "பக்தி" என்றேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம்.

மறுநாளே அடையாறில் ஒரு சர்க்கரை டாக்டரிடம் என்னை இழுத்துக்கொண்டு போனாள். அவள் வெளியே உட்கார்ந்திருந்தாள். உள்ளே அந்த இளம் டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, இசைக்கவை ஒன்றைத் தட்டிக் கால் கட்டைவிரல் எலும்பில் வைத்தார். "அதிர்வு எப்போ நிக்குதுன்னு சொல்லுங்க சார்." எனக்கு அது தொடங்கியதே தெரியவில்லை. ஆனால் முப்பது வருஷம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன். இசைக்கவை எவ்வளவு நேரத்தில் அடங்கும் என்று எனக்கா தெரியாது? மனதுக்குள் எண்ணிக்கொண்டு, "இப்போ நின்னுடுத்து" என்றேன். இரண்டு காலிலும் பாஸ். வெளியே வந்து, "ஒண்ணுமில்லை, விட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கா" என்று மனைவியிடம் சொன்னேன்.

ஏன் பொய் சொன்னேன் என்றால், அவளுடைய அண்ணாவுக்குச் சர்க்கரையில் முதலில் ஒரு கால்விரல் போயிற்று, பிறகு பாதம் போயிற்று, பிறகு அவரே போய்ச் சேர்ந்தார். கட்டு மாற்றியதெல்லாம் இவள்தான். மறுபடியும் அவளை அந்த வேலைக்கு உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை. பயந்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் பயம்கூட வரவில்லை. காலில் தொடங்கிய மரமரப்பு மேலே ஏறி மனசுக்கும் வந்துவிட்டதுபோல எல்லாவற்றையும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு யோசனை மட்டும் ஓடியது. இசைக்கவை சின்னது. அதைவிடப் பெரிய அதிர்வைக் கொடுத்தால் கால் விழித்துக்கொள்ளுமோ? இயற்பியல் வாத்தியாருக்கு மட்டுமே வரக்கூடிய அசட்டுத்தனம். ரிச்சி தெருவுக்குப் போய்ப் பதினெட்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்றும் ஒரு ஆம்ப்ளிஃபையரும் வாங்கி ஆட்டோவில் ஏற்றி மயிலாப்பூருக்குக் கொண்டுவந்தேன். ஸ்பீக்கரைப் பொருத்தப் பெட்டி செய்ய, பிளைவுட் வெட்ட ஆதம்பாக்கத்திலிருந்து தச்சர் வந்தார். நான் வரைந்திருந்த படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, தட்டும் இல்ல, கதவும் இல்ல. முன்னாடி இம்மாம் பெரிய ஓட்ட வேற. உள்ள இன்னா வெப்பீங்க?"

"காத்து" என்றேன்.

அவர் என் மனைவியைப் பார்த்தார். "அவர் சொல்றபடியே பண்ணிடுங்கோ" என்றாள் அவள்.

பத்து நாள் கூடமெல்லாம் மரத்தூள். படுக்கவைத்த பீரோ மாதிரி ஒரு பெட்டி உருவாயிற்று. தூக்க நாலு பேர் வேண்டும். மூட்டுகளில் காற்று கசிகிறதா என்று பார்க்க, ஊதுபத்தியை ஏற்றி ஓரமெல்லாம் காட்டினேன். "பெட்டிக்கு பூஜை ஆறதா? நைவேத்யம் என்ன?" என்று மனைவி கேலி செய்தாள். பின்பக்கம் ஓரிடத்தில் புகை ஆடியது. பசை வைத்து அடைத்தேன்.

முதலில் மிருதங்கம் போட்டேன். இடப்பக்கத் தொப்பியில் விழுந்த ஒவ்வொரு அடியும் என் வயிற்றில் விழுந்தது. சமையலறையில் டபராக்கள் நடுங்கின. கீழ் வீட்டு மாமி மேலே வந்து, "உங்காத்துல மாவு மெஷின் போட்டிருக்கேளா?" என்று சண்டைக்கு ஆரம்பித்தவள், காபியும் குடித்து, தனி ஆவர்த்தனம் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் இறங்கிப் போனாள். எனக்கும் பிடித்திருந்தது. அந்தக் கோடையில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த அரை மணி நேரம்தான்.

மறுநாள் மத்தியானம், மனைவி பூ வாங்க மாட வீதிக்குப் போன நேரம் பார்த்து, நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு, வெறுங்காலைத் தூக்கி அதன்மேல் வைத்தேன். பாட்டு எதுவும் போடவில்லை. வினாடிக்கு முப்பது அதிர்வு உள்ள வெறும் உறுமல். ஒலியைக் கூட்டினேன். ஜன்னல் கண்ணாடி கடகடத்தது. பல் கூசியது. நெஞ்சில் தெரிந்தது, தொடையில் தெரிந்தது, முழங்கால் வரைக்கும் தெரிந்தது. அதற்குக் கீழே இருந்தது யாரோ ஒருவருடைய கால். இன்னும் கூட்டினேன். ஒன்றுமில்லை. அழுகை வரும் என்று நினைத்தேன், அதுவும் வரவில்லை.

அந்த உறுமலில் கதவு திறந்தது எனக்குக் கேட்கவில்லை. மனைவி வந்து பூப்பொட்டலத்தைப் பெட்டிமேல் வைத்தாள். அது நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்குப் போயிற்று. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, என் பாதத்தின்மேல் கையை வைத்தாள்.

"நன்னா அதிர்றதே," என்றாள். "எனக்கு முழங்கை வரைக்கும் வரது. உங்களுக்குத் தெரியறதா?"

எண்ணிச் சொல்லித் தப்பிக்க அங்கே வழியில்லை. "தெரியலை" என்றேன்.

"அன்னிக்கு பிராகாரத்துலயே எனக்குத் தெரிஞ்சுடுத்து. நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்."

ஸ்விட்சை அணைத்தேன். கூடம் அடங்கியது. அவள் கை என் பாதத்தின்மேலேயேதான் இருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அதனால் தெரியும்.