தாய்மாமன் வளைவுக்குக் கீழே ஓர் அறுவடை மெஷின்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எனக்கும் எழுத்துக்கும் பெரிய உறவு கிடையாது. பத்தாவதில் கணக்கு வாத்தியாரும் நானும் ஒருவரையொருவர் கைகழுவிவிட்டோம். ஆனால் கோபம் இறங்க மாட்டேன் என்கிறது. பெரம்பலூரிலிருந்து தா.பழூருக்கு ஒரு மெஷினை லாரியில் கொண்டுவருவது என்ன பாடு என்று, போகாதவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

தா.பழூர் பக்கம் எங்கள் ஊரில் நானும் அக்காவும் சேர்ந்து குத்தகைக்கு எடுத்த மூன்று ஏக்கர் நெல், விளைந்து தலை சாய்ந்து கிடந்தது. உள்ளூர் அறுவடை மெஷின் ரிப்பேர். இன்னொரு மழை விழுந்தால் கதிர் வயலிலேயே முளைத்துவிடும். அதனால்தான் பெரம்பலூருக்கு பஸ் ஏறினேன்.

காலை ஏழு மணி, பெரம்பலூர். மெஷினும் லாரியும் கலியபெருமாள் அண்ணனுடையவை. இரண்டையும் அவரே ஓட்டுவார். இது சாதாரண லாரி இல்லை, ரெக்கவரி வண்டி. லிவரை இழுத்தால் பின்தட்டு வழுக்கிச் சாய்ந்து, நாக்கை நீட்டியதுபோல் தரையைத் தொடும். டயருக்குப் பதில் ரப்பர் பெல்ட்டில் ஊரும் அந்த மெஷின், எருமை கரையேறுவதுபோல் ஏறி நின்றது. அண்ணன் நான்கு மூலையிலும் சங்கிலி போட்டு இறுக்கினார். பிறகு ஒரு மூங்கில் கழியை நிறுத்தி உயரம் பார்த்தார். தரையிலிருந்து பதினான்கு அடிக்குக் கொஞ்சம் குறைவு.

"ஏண்ணே, மெஷினுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?"

"நீ வாய மூடிட்டு வந்தா ஒனக்கு அரை டிக்கெட். ஏறு."

பேரளி தாண்டும் வரை முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை. கட்டை வண்டிகூட முந்திவிடும்போல் இருந்தது. மரக்கிளை வந்தால் நிறுத்தினோம். கரண்டு கம்பி வந்தால் நிறுத்தினோம். தொங்கிய கேபிள் ஒயர்களை நான் இறங்கி மூங்கிலால் தூக்கிப் பிடித்தேன். அரியலூரை நெருங்கியதும் சுண்ணாம்புக்கல் லாரிகள் எங்கள்மேல் புழுதியை அள்ளிக் கொட்டிவிட்டு முந்தின. ஊருக்குள் டீ பதினைந்து ரூபாய், தூசி இலவசம்.

வி.கைகாட்டி தாண்டும்போது அக்கா போன் செய்தாள்.

"எங்கடா இருக்க? இங்க மேக்கால மேகம் கருகும்முனு ஏறுது."

"வந்துக்கிட்டே இருக்கேங்க்கா. மத்தியானத்துக்குள்ள வயல்ல நிப்பேன்."

வாய் கொழுப்பு. அடுத்த ஊரிலேயே மாட்டினோம். ஊர்ப் பெயர் வேண்டாம். சொன்னால் திட்டத் தோன்றும். மெயின் ரோட்டின் குறுக்கே, சவுக்குக் கம்பு நட்டு, பிளக்ஸ் கட்டி, காதுகுத்துக்கு ஒரு வளைவு. பன்னிரண்டு அடி இருக்கும். நடுவில் கூலிங் கிளாஸ் போட்ட ஒரு தாய்மாமன் சிரித்துக்கொண்டிருந்தார். காது குத்திக்கொள்ளும் குழந்தையின் படம் ஒரு மூலையில், ஸ்டாம்பு அளவுக்கு.

குழந்தையின் சித்தப்பா மஞ்சள் துண்டோடு வந்தார்.

"ஒரு பக்கம் கயித்த அவுத்தீங்கன்னா போயிடுவோங்க," என்றேன்.

"தாய்மாமன் சீரு உள்ள வர்ற வரைக்கும் வளைவுல கை வைக்கக் கூடாதுங்க. சாங்கியம்."

"எப்பங்க வருவாரு?"

"பின்னாடிதான் வந்துட்டிருக்காரு. எவனோ லாரிய ரோட்டுல போட்டு மறிச்சுட்டானாம், பஸ்ஸு காரெல்லாம் நிக்குதாம்."

"அந்த லாரி நாங்கதாங்க."

அவர் லாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப எடுத்துட்டுப் போங்க," என்றார். எப்படி எடுப்பது? மாமன் வராமல் வளைவு நகராது. வளைவு நகராமல் லாரி நகராது. லாரி நகராமல் மாமன் வர முடியாது. எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. யார் அப்பன் வீட்டு ரோடு இது?

கலியபெருமாள் அண்ணன் இறங்கினார். சங்கிலியை அவிழ்த்தார். தட்டைச் சாய்த்தார். மெஷின் ஊர்ந்து இறங்கி ரோட்டில் நின்றது. தனியாக நின்றால் அது பத்தடிதான்; தாராளமாக நுழையும். காலி லாரியும் நுழையும். ஆனால் சித்தப்பா கையை விரித்துக் குறுக்கே நின்றார்.

"மாமனுக்கு முன்னாடி மெஷின் நுழையறதா? நாளைக்கு ஊரு என்ன பேசும்?"

"மெஷினும் காது குத்திக்கத்தான் வந்துருக்குங்க," என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

ஒருவழியாக மாமன் நடந்தே வந்தார். பின்னால் தட்டுகளைத் தலையில் சுமந்த பெண்கள். வெயிலில் எல்லாருக்கும் வேர்த்து ஊற்றியது.

"எந்த முட்டாப்பயடா நடுரோட்டுல வளைவு கட்டுனது?" என்று கத்தினார் மாமன்.

"ஒங்க படந்தாங்க மாமா மேல சிரிக்குது," என்றேன்.

அண்ணாந்து பார்த்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு வளைவுக்குள் நடந்தார். அதோடு விட்டதா? வீடியோக்காரர் கேமராவை இறக்கிவிட்டு, "மாமா, இன்னொரு தடவ வாங்க, படத்துல மெஷின் குறுக்க விழுந்துருச்சு," என்றார். மாமனும் திரும்பிப் போய் மறுபடி வந்தார், இந்தத் தடவை சிரித்துக்கொண்டே. அக்கா கூப்பிட்டுக் கூப்பிட்டு என் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கத் தைரியம் இல்லை.

மெஷினை மறுபக்கம் ஓட்டி, மறுபடி ஏற்றி, சங்கிலி இறுக்கிக் கிளம்பும்போது ஒன்றரை மணி நேரம் போயிருந்தது. ஜெயங்கொண்டத்தில் சாப்பிடக்கூட நிற்கவில்லை.

எங்கள் ஊர் எல்லையில், தெரு வழியாக விட வேண்டாம், வாய்க்கால் கரையைச் சுற்றிப் போகலாம் என்றேன்.

"தெரு கிட்டக்க தெரியுதேடா, ஏன் சுத்தணும்?"

"ஒசரம் இடிக்கும்ணே. கேக்காதீங்க."

வாய்க்கால் கரையில் வண்டி நத்தையாக ஊர்ந்தது. அதில் இன்னும் அரைமணி நேரம் போனது. வயலில் மெஷின் இறங்கியபோது மேற்கே வானம் அடுப்புக்கரியாக இருந்தது. முதல் ஏக்கர் அறுத்து நெல்லை டிராக்டரில் கொட்டி முடித்தோம். இரண்டாவது ஏக்கரில் நாலு சுற்றுகூட வரவில்லை, மழை கொட்ட ஆரம்பித்துவிட்டது. அக்கா டிராக்டரின்மேல் படுதாவை இழுத்துக் கட்டினாள். பிறகு நனைந்தபடியே வரப்பில் நின்று, மீதி நெல் தண்ணீரில் படுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

அண்ணன் வெறும் லாரியோடு பெரம்பலூர் திரும்பினார். மெஷின் தார்ப்பாய்க்குள் எங்கள் களத்தில் நிற்கிறது. சேற்றில் கிடக்கும் கதிரில் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கிறது. அதனால் சொல்கிறேன்: பொது ரோட்டில் வளைவு கட்டுகிறவன் எவனாக இருந்தாலும், அவன் வீட்டு நெல் வயலிலேயே முளைத்துப் போகட்டும்.

இவ்வளவையும் எழுதி, முதல் ஆளாக எங்கள் தெரு சேகருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே பதில் வந்தது:

"சாபம் பலிச்சிருச்சு மாப்ள, போன திருவிழாவுக்கு நம்ம தெருவுல நீ கட்டுன வளைவ எப்பப் பிரிக்கப் போற?"