கல்க் என்று காதில் விழுந்தது

இந்த ஊரில் கெட்டிலுக்கும் கல் பிடிக்கும். ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் சற்றுத் தள்ளி, மலைச்சரிவில் இருக்கும் சின்ன ஊர். குழாய்த் தண்ணீர் அவ்வளவு கடினம். கொஞ்சம் கவனிக்காமல் விட்டால் கெட்டிலின் அடியில் வெள்ளையாக ஓடு கட்டிவிடும். வந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரர் அதை விரலால் தட்டிக் காட்டி, "கல்க்" என்றார். நம் கல்லுக்குப் பின்னால் ஒரு க் ஒட்டிக்கொண்டது போல இருந்தது. அகராதியில் பார்த்தால் சுண்ணாம்பு என்று போட்டிருந்தது. வினிகர் ஊற்றி வைத்தால் கரைந்துவிடும் என்றும் அவரே சொல்லிக்கொடுத்தார். இன்று காலையும் ஊற்றினேன். ஓடு நுரைத்துக் கரைவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு கெட்டிலைப் பார்த்துப் பொறாமைப்படும் நிலைக்கு வந்துவிட்டேன். என் கல்லுக்கு அப்படி ஊற்ற ஒன்றும் கிடையாது.

ஊரில் இருக்கும் உங்களுக்கும், என்னைப் போல வெளியே வந்து மாட்டிக்கொண்டவர்களுக்கும் இதை எழுதுவது அனுதாபம் தேடி அல்ல. அனுதாபம் வேண்டிய மட்டும் கிடைத்துவிட்டது. பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமம் எனக்கு. நாற்பதைத் தாண்டி வேலைக்காக இங்கே வந்தேன். அலுவலகத்தில் ஆங்கிலமே போதும் என்பதால் என் ஜெர்மன் கடைத்தெருவோடு நின்றுவிட்டது. குளிரில் உட்கார்ந்து உட்கார்ந்து உடம்பு பெருத்தது, சர்க்கரை ஏறியது, முழங்கால் போனது. கடைசியில் எடை குறைக்கும் அறுவைக்கு ஒத்துக்கொண்டேன். இரைப்பையை ஒரு முட்டை அளவுக்குச் சுருக்கி, குடலை வெட்டி வேறு இடத்தில் சேர்த்துத் தைத்தார்கள். எடை மளமளவென்று இறங்கியது, சர்க்கரை மாத்திரை நின்றது. ஊருக்கு வந்தபோது செண்பகம் அக்கா என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "என்னடா தம்பி, இப்படி வத்திப் போயிட்ட" என்று அழுதாள். குண்டாக இருந்தபோது திட்டியதும் இவள்தான்.

மறு வருஷம் சிறுநீரகத்தில் முதல் கல் வந்தது. வலியை வர்ணிக்கப் போவதில்லை. வந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்குத் தெரிய வேண்டாம். பிறகு வந்துகொண்டே இருந்தது. தேநீர் வடிகட்டியைக் கழிப்பறையில் வைத்து, விழுந்த துகளைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்றார்கள். முட்டை அளவு வயிற்றில் நிறையத் தண்ணீருக்கு எங்கே போவது? கைக்குழந்தைக்குப் பாலாடையில் புகட்டுவது மாதிரி மடக்கு மடக்காக, நாள் முழுக்கப் பாட்டிலும் கையுமாக அலைந்தேன்.

ஆஸ்பத்திரியில் என்னை ஓர் உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். நல்ல மனுஷி. நான் மனத்துக்குள் அவருக்கு வைத்த பெயர் சத்துணவு அம்மா. மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். முகத்தில் மாஸ்க் போட்டிருந்தார், பேச்சும் வேகம். பசலைக்கீரை வேண்டாம், பாதாம் வேண்டாம் என்றது புரிந்தது. பிறகு விரலை ஆட்டி, ஒவ்வொரு சாப்பாட்டோடும் என்னவோ என்றார். "கல்க்" என்று காதில் விழுந்தது. எனக்குத் தெரிந்த சொல்லாயிற்றே. "யா, யா" என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். நான் சாப்பிடும் எல்லாவற்றிலும் சுண்ணாம்பு இருக்கிறது, நிறுத்து என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கே அக்காவிடம் போனில் கேட்டேன். "அதைத்தானே நானும் தலப்பாடா அடிச்சுக்கிறேன். கல்லுன்னா என்ன, சுண்ணாம்புதானே? பால், தயிர், மோர் எல்லாம் சுண்ணாம்புச் சத்துடா. தொடாதே. வாழைத்தண்டுச் சாறு குடி" என்றாள். இரண்டு நாடும் ஒரே தீர்ப்பு சொன்ன பிறகு எனக்கு என்ன சந்தேகம்? பாலை நிறுத்தினேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த கால்சியம் மாத்திரையை நிறுத்தினேன். தயிரையும் நிறுத்தினேன். மூன்று வேளையும் தயிரில் முடித்து வளர்ந்தவன் நான். ரசம் சாதத்தோடு கை கழுவி எழுந்திருக்கிற ஒவ்வொரு முறையும் சாப்பாட்டைப் பாதியில் விட்டது போலவே இருக்கும். என் மனைவி மல்லிகா தயிரை எனக்குத் தெரியாமல் அடுப்படியிலேயே நின்று சாப்பிட்டுவிட்டு வருவாள்.

அத்தனை கட்டுப்பாடாக இருந்தும் கற்கள் முன்னைவிட வேகமாக வந்தன. சரியாகத்தானே இருக்கிறேன், பின் ஏன் என்று வெறுத்துப்போனது. அதில் ஒன்று வலிக்கவே இல்லை. இடது பக்கக் குழாயில் சத்தமில்லாமல் உட்கார்ந்து, அடைத்து, அந்தச் சிறுநீரகத்தையே வேலை செய்யாமல் ஆக்கிவிட்டது. ஸ்கேனில் பார்த்தபோது காலம் கடந்திருந்தது. இனி வலது ஒன்றுதான், அதற்கும் இப்படி நடந்தால் டயாலிசிஸ் என்றார் டாக்டர். வேண்டுமானால் வயிற்று அறுவையைத் திரும்ப மாற்றிவிடலாம், ஆனால் எடையும் சர்க்கரையும் திரும்பி வரும் என்றார். அன்று காரில் ஏறி உட்கார்ந்து நானும் மல்லிகாவும் வெகுநேரம் கிளம்பவே இல்லை. எங்களுக்கு ஒரு கனவு இருந்தது. ஓய்வுபெற்றதும் ஊரோடு போய்விட வேண்டும். அக்கா தன் வீட்டு மாடியை எங்களுக்காகச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தாள்.

இந்த ஆனியில் எனக்கு அறுபது நிறைந்தது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்தே தீரவேண்டும் என்று அக்கா பிடிவாதம். எமனையே உதைத்துத் தள்ளிய சாமி அங்கே இருக்கிறதாம், உன் கல் எம்மாத்திரம் என்றாள். போனோம். பிரகாரம் முழுக்க எங்களைப் போல வயசான மாப்பிள்ளைகளும் பெண்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஹோமப் புகை, வெக்கை, கழுத்தில் கனமான மாலை. வேட்டி மடிப்பில் பாட்டிலை ஒளித்து வைத்திருந்தேன். குருக்கள் பார்த்துவிட்டார்.

"கலசாபிஷேகம் ஆகிற வரைக்கும் பல்லுல பச்சத் தண்ணி படக்கூடாது" என்றார்.

"அவருக்கு ஆபரேஷன் பண்ணியிருக்கு சாமி. தண்ணி குடிக்காம இருக்கக் கூடாது" என்றாள் மல்லிகா.

அக்கா பாட்டிலை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். "கொஞ்ச நேரம் பொறுத்துக்கடா தம்பி. ஆயுசு விருத்திக்குத்தானே இவ்வளவும் பண்றோம்."

கொஞ்ச நேரம் என்றது முற்பகல் முழுக்க நீண்டது. வேர்வை நின்றுபோய் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கடைசியில் எங்களை உட்காரவைத்து, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சல்லடை வழியே கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். அந்தச் சல்லடையைப் பார்த்ததும் என் வடிகட்டி ஞாபகம் வந்தது. சிரிக்கப் போனேன். அப்போதுதான் வலது விலாவுக்குக் கீழே பிடித்தது. வலது. மிச்சம் இருக்கிற ஒன்று. தலை வழியாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்க, நான் குனிந்து அழுதேன். "பாரேன், எப்படி உருகுறாரு" என்று யாரோ ஒரு சித்தி சொன்னது கேட்டது. மல்லிகாவுக்கு மட்டும் புரிந்துவிட்டது. அவள் ஈரப் புடவையோடு எழுந்து, "காரை எடுங்க" என்று கத்தினாள்.

மயிலாடுதுறையில் ஓர் ஆஸ்பத்திரி. ஊசி போட்டு, அடைப்பைத் தாண்டிச் சிறுநீர் இறங்க ஒரு மெல்லிய குழாயும் வைத்தார்கள். மாலையில் ஒரு பெண் டாக்டர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மன்னார்குடிப் பக்கமாம். என்ன சாப்பிடுகிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"தயிர்?"

"தொடுறதே இல்ல டாக்டர். ரெண்டு வருஷமாச்சு."

"யாரு நிறுத்தச் சொன்னது?"

"ஜெர்மனில சொன்னாங்க. அக்காவும் சொன்னாங்க."

அவர் பேனாவை மூடினார். "அங்க அப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்க சார். கீரை, பருப்பு எல்லாத்துலயும் ஆக்ஸலேட்டுன்னு ஒண்ணு இருக்கு. சாப்பாட்டோட கால்சியம் சேர்ந்து போனா, அது குடல்லயே அதைப் புடிச்சு வெளிய தள்ளிடும். கால்சியம் இல்லேன்னா அவ்வளவும் ரத்தத்துல கலந்து கிட்னிக்கு வந்து கல்லாயிடும். உங்க மாதிரி குடல் பைபாஸ் பண்ணவங்களுக்கு அது இன்னும் ஜாஸ்தி. தயிரும் மாத்திரையும்தான் உங்களைக் காப்பாத்தியிருக்கணும்."

அக்கா வாசற்படியில் என் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தாள். "அப்ப சுண்ணாம்பு...?" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. உப்பைக் குறைங்க, எண்ணெயைக் குறைங்க, தண்ணியை விடாதீங்க என்று டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். ஊரோடு வந்துவிடலாம் என்று இருக்கிறோம் என்று மல்லிகா மெல்லச் சொன்னாள். "இந்த வெயில்ல இவரு குடிக்கிற தண்ணி வேர்வைக்கே பத்தாதும்மா. யோசிச்சுக்குங்க" என்றார். அந்த மாடியைப் பற்றி அதன்பிறகு நாங்கள் யாரும் பேசவில்லை.

இங்கே திரும்பி வந்து கல்லை எடுத்த பிறகு சத்துணவு அம்மாவைப் போய்ப் பார்த்தேன். இந்த முறை மொழிபெயர்ப்பாளரோடு. நீங்கள்தானே ஒவ்வொரு சாப்பாட்டிலும் கல்க் என்றீர்கள் என்று கேட்டேன். அவர் விழித்தார். பிறகு, "க்வார்க்!" என்றார். எழுந்துபோய்த் தன் மதிய உணவுப் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தார். வெள்ளையாக, கெட்டியாக, தண்ணீர் வடித்த தயிர் போல. ஒவ்வொரு சாப்பாட்டோடும் க்வார்க் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் கோப்பில் இடது சிறுநீரகம் பற்றிய வரியைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு என் கையைப் பிடித்தார். நான் "யா, யா" என்றேன்.

வலது பக்கம் எவ்வளவு தாங்கும் என்று யாரும் சொல்ல மறுக்கிறார்கள். அடுத்த ஸ்கேன் வரைக்கும் பொறுங்கள் என்கிறார்கள். இன்று மத்தியானம் மல்லிகா க்வார்க்கில் தண்ணீர் விட்டுக் கரைத்து, சோற்றில் பிசைந்து, கடுகு தாளித்துக் கொடுத்தாள். அக்கா வீடியோவில் இருந்தாள்.

"புளிக்குதாடா?"

"இல்லக்கா."

"அப்ப அது தயிரே இல்ல" என்றாள். பிறகு, "இருந்தாலும் சாப்பிடு தம்பி" என்றாள்.

கால்சியம் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். ஒவ்வொரு கவளத்துக்கும் மனத்துக்குள் இரண்டு பெயரையும் சொன்னேன், தயிர் என்றும் க்வார்க் என்றும். இரண்டு மொழியும் சேர்ந்து ஒரு சிறுநீரகத்தைக் கொண்டுபோய்விட்டன. மிச்சம் இருக்கும் ஒன்றுக்கு எந்த மொழி காதில் விழும் என்று எனக்குத் தெரியவில்லை.