பரிமாறுகிறவர் முகம்

பல்பொடிக் கம்பெனிக்கு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிப்பது பிச்சமுத்துவின் பிழைப்பு. அதோடு யாரும் கொடுக்காத இன்னொரு உத்தியோகமும் அவருக்கு இருந்தது. அறை, வெந்நீர், காலைப் பலகாரம், இரண்டு வேளைச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே வாடகை வாங்கும் லாட்ஜுகளுக்கு மார்க் போடுவார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பெட்டியோடு வந்து இறங்கும் மற்ற கம்பெனிக்காரர்கள், பிச்சமுத்து எந்த லாட்ஜுக்கு எத்தனை போட்டார் என்று விசாரித்துவிட்டுத்தான் வண்டி பிடிப்பார்கள். பத்துக்கு ஐந்து என்று அவர் சொல்லிவிட்டால் அந்த முதலாளி ஈ ஓட்ட வேண்டியதுதான்.

மாதத்தில் இருபது நாள் வெளியூரில் தூங்கித் தேறிய மனுஷன். தலையணை உறையை முகர்ந்து பார்ப்பார். தண்ணீர்ப் பானைக்குள் கையை விட்டு அடியைத் தடவுவார். இதெல்லாம் சில்லறை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற பேச்சே அவரிடம் எடுபடாது. சோற்றைப் பார்க்காதே, பரிமாறுகிறவன் முகத்தைப் பார் என்பார். அவன் வயிறு காய்ந்திருந்தால், இலையில் அமிர்தமே விழுந்தாலும் அந்த லாட்ஜ் பாஸ் கிடையாது.

அறுபத்தோராம் வருஷம், மார்கழி. வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் வருமுன் ஒரு நாள் தங்கி நல்ல வார்த்தை சொல்லும்படி ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையில் ஒரு லாட்ஜ் முதலாளி அவரைக் கூப்பிட்டிருந்தார். பிச்சமுத்துவின் வீடு திருவானைக்காவலில், கூப்பிடு தூரம்தான். ஆனாலும் தங்கினார். உத்தியோகம் அல்லவா!

மத்தியானம் ராமர் என்ற நடுவயசுக்காரர் பரிமாறினார். சாம்பார் வாளி கையில் லேசாக ஆடியது. அவர் இலையைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு ஊற்றினார். பிச்சமுத்து நிமிர்ந்தார்.

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"பந்தி முடியட்டுங்க."

"எப்ப முடியும்?"

"நாலு ஆயிருங்க."

பிச்சமுத்து கையை உதறிக்கொண்டு எழுந்து முதலாளியிடம் போனார். "பத்துக்கு நாலு. பரிமாறுறவங்களுக்கு முதல்ல போட்டுட்டு அப்புறம் கடையைத் திறங்க. பந்திக்கு வர்றவங்க கேட்டா, சாப்பிட்டாச்சுன்னு பரிமாறுறவங்க வாயாலயே சொல்லணும்." முதலாளியின் முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் ஏகாதசிக் கூட்டத்தை இழக்க மனசில்லாமல் சரி என்றார்.

மறுநாள் வீட்டில் சாப்பிடும்போது இந்தப் பிரதாபத்தை மனைவி வெள்ளையம்மாளிடம் ஒன்றுக்குப் பத்தாகச் சொன்னார். அவள் சிரித்தபடி ரசம் ஊற்றினாள்.

"ஏங்க, நம்ம வீட்டுக்கு எத்தனை மார்க்கு?"

பிச்சமுத்து இலையைப் பார்த்தார். "எட்டு. இப்பல்லாம் உனக்கு உப்புக் கை நிக்கிறதில்ல. முந்தாநேத்து அள்ளிப் போட்ட, இன்னிக்கு இல்லவே இல்ல."

"ருசி பாக்க மறந்துபோச்சுங்க," என்றாள். அவர் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். போட்டாள்.

தலையை நிமிர்த்தி ஒரே ஒரு தடவை பார்த்திருக்கலாம். பாவி மனுஷன் பார்க்கவில்லை.

மாசி மாதம் வெள்ளையம்மாள் அடுப்படியில் மயங்கி விழுந்தாள். பக்கத்து வீட்டு மாரியாயி துணைக்கு வர, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் தொண்டையைப் பார்த்தார், கழுத்தைத் தடவினார்.

"சாப்பாடு இறங்காம எத்தனை மாசமா இருக்கு?"

ஊரில் உள்ள தலையணை உறையெல்லாம் பிச்சமுத்துவுக்குத் தெரியும், இது தெரியவில்லை. மாரியாயிதான் பதில் சொன்னாள்.

"ஆறு மாசமாங்க. கஞ்சித்தண்ணி மட்டும் குடிக்கும். இவரு ஊருக்குப் போற மனுஷன், சொல்லி மனசைக் கெடுக்கக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிருச்சு."

தொண்டையில் கட்டி, முற்றிவிட்டது என்றார் டாக்டர். பிச்சமுத்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"ஏன்டி வெள்ளை, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவளுக்குக் குரல் முணுமுணுப்பாகத்தான் வந்தது. "நீங்க நல்லா சாப்பிட்டீங்களே. எனக்கு அதுவே போதுமா இருந்துச்சு," என்றாள். பங்குனி பிறக்க அவள் இல்லை.

கம்பெனிக்காரர்கள் துக்கம் விசாரிக்க வந்தார்கள். போகும்போது ஒருவன் வாய் தவறி, மதுரையில் எந்த லாட்ஜ் நல்லது என்று கேட்டுவிட்டான். பிச்சமுத்து எழுந்து உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் அவர் எந்த லாட்ஜுக்கும் மார்க் போட்டதில்லை. ஊருக்கு உபதேசம் செய்த வாய் அன்றோடு மூடிக்கொண்டது.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். வீட்டில் அடுப்பு எரியவில்லை. பசி என்னவோ மானம் பார்க்காமல் வந்தது. நடந்து நடந்து அம்மா மண்டபம் சாலைக்கு வந்தவர், அந்த லாட்ஜிலேயே போய் இலை முன்னால் உட்கார்ந்தார். ராமர் வாளியோடு வந்தார். கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது, வாளி ஆடவில்லை. வெள்ளையம்மாள் போன சேதி அவருக்குத் தெரியாது. பழைய நன்றியில் முகமெல்லாம் சிரிப்பாக, கேட்கும் முன்பே சொன்னார்.

"நான் சாப்பிட்டாச்சுங்க. நீங்க நிம்மதியா சாப்பிடுங்க."

பிச்சமுத்து அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தார். இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. பிசைய வைத்த கை எழும்பவில்லை.