எந்தக் கடைப் பருப்பு நல்ல பருப்பு

திருவண்ணாமலையில் சூப்பர் மார்க்கெட் என்று ஒன்று வந்தபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. எண்பதுகளின் தொடக்கம். சூப்பர் மார்க்கெட் என்றதும் இன்றைக்கு இருப்பதுபோல ஏசியும் தள்ளுவண்டியும் நினைத்துக்கொள்ளக் கூடாது. கூட்டுறவுக்காரர்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு கட்டடத்தைப் பிடித்து, இரும்பு அலமாரிகளை வரிசையாக நிறுத்தி, டியூப் லைட் போட்டிருந்தார்கள். அவ்வளவுதான். ஆனால் வாசலில் நம் பையை வாங்கி வைத்துக்கொண்டு கையில் ஒரு தகர டோக்கன் கொடுத்தார்கள். உள்ளே போனால் யாரும் "என்ன வேணும்?" என்று கேட்கவில்லை. நாமே எடுக்கலாம், முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கலாம், வேண்டாமென்றால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம். ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய வேண்டுமானால் எங்கள் வீடு எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். மாமனார், அவருடைய இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், ஒரே சமையல். மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். மூத்த மருமகளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். என்ன சமைப்பது, எதை எவ்வளவு வாங்குவது என்பதெல்லாம் அக்கா சொல்வதுதான். அரிசியும் நிலக்கடலையும் அடி அண்ணாமலையில் இருந்த எங்கள் நிலத்திலிருந்து வந்துவிடும். மீதி எல்லாவற்றையும் அக்கா தேரடி வீதியில் ஒரு மளிகைக் கடையில்தான் வாங்குவாள். வியாழக்கிழமை தவறாமல், தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு, இரண்டு பைகளோடு கிளம்பிவிடுவாள். திரும்பி வர மதியம் ஆகும்.

வந்த புதிதில் நான் கேட்டேன். "ஏங்க்கா, மாசத்துக்கு ஒரு தடவை மொத்தமா வாங்கினா விலை கம்மியாவுமே?"

"வாங்கி வெச்சா வண்டு வரும்" என்று முடித்துவிட்டாள்.

நான் வேலூரில் பிறந்தவள். எங்கள் வீட்டில் மாதம் பிறந்தால் என் அப்பா மொத்தமாக வாங்கிப் போட்டுவிடுவார், ஒரு நாளும் வண்டு வந்ததில்லை. ஆனால் புது மருமகள் வண்டைப் பற்றி வாதாட முடியுமா? வாயை மூடிக்கொண்டேன்.

சூப்பர் மார்க்கெட்டுக்கு என்னை முதலில் அழைத்துப் போனது என் வீட்டுக்காரர். தாலுக்கா ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர்கள் சொல்லக் கேட்டு, ஒரு சாயங்காலம் சைக்கிளில் உட்கார வைத்துக் கூட்டிப்போனார். நான் அலமாரி அலமாரியாக நின்று எல்லாப் பாக்கெட்டையும் படித்தேன். அவர் வாசலில் இரண்டு முறை டீ குடித்துவிட்டு வந்தார். கடைசியில் ஒரு பாக்கெட் துவரம் பருப்பு மட்டும் வாங்கினோம். அடுத்த நாள் நானே முறத்தில் கொட்டிப் பார்த்தேன். கல் இல்லை, உமி இல்லை, ஒரே சீரான பருப்பு. மாமனார் அந்தப் பருப்பில் வைத்த சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "என்னாம்மா இது, இன்னிக்குப் பல்லுல ஒன்னும் மாட்டலையே?" என்றார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அக்கா ரசத்தைக் கலக்கியபடி, "பாக்கெட்டுல போட்டுட்டா எல்லாம் பட்டுப்பொடவை ஆயிடுமா? நம்ம கடையில கொசுறு கறிவேப்பிலையாவது குடுப்பாங்க" என்றாள்.

"கறிவேப்பிலைக்காகப் பருப்பு வாங்க முடியுமாக்கா?" என்று நானும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

மாமனாருக்கு எதையும் சோதித்துப் பார்க்க வேண்டும். விதை வாங்கினால்கூட ஒரு பிடி தனியாக ஈரத்துணியில் முளைக்கவிட்டுப் பார்த்த பிறகுதான் நிலத்தில் இறக்குவார். "சண்டை எதுக்கு? ஒரு மாசம் பெரியவ அவ கடையில வாங்கட்டும். அடுத்த மாசம் சின்னவ அந்தக் கடையில வாங்கட்டும். எது லாபம்னு பாத்துடலாம்" என்று தீர்ப்பு சொன்னார்.

அந்த இரண்டு மாதமும் வீட்டில் ஒரே கூத்து. பருப்பு வேகும் நேரத்தை மாமனார் கடிகாரம் வைத்துப் பார்த்தார். தெருமுனையில் பழைய பேப்பர் வாங்கும் கடைத் தராசில் பொட்டலத்தையும் பாக்கெட்டையும் கொண்டுபோய் நிறுத்தார். இரண்டுமே கொஞ்சம் குறைவாக இருந்ததும் அவருக்கு வந்த கோபம் பேப்பர் கடைக்காரர் மேல் திரும்பியது. "தராசு சரியில்லடா உன்னுது!" அதற்கு அந்த ஆள், "பெரியவரே, இத்தினி நாளா உங்க வீட்டு பேப்பரையும் இதுலதான நிறுத்தேன், அப்போ ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

சூப்பர் மார்க்கெட் புளி சுத்த மோசம். கொட்டையும் நாருமாக இருந்தது. மிளகாயில் காரமே இல்லை. ஆனால் பருப்பு, சர்க்கரை, எண்ணெய், துணி சோப்பு எல்லாம் விலையும் கம்மி, தரமும் நன்றாக இருந்தது. மொத்தத்தில் என் கடைதான் ஜெயித்தது. "இனிமே எல்லாம் அங்கயே வாங்கிக்கலாம், மாசம் ஒரு தடவை போனா போதும்" என்று மாமனார் சொன்னபோது எனக்குப் பரீட்சையில் முதல் மார்க் வாங்கியதுபோல இருந்தது.

வியாழக்கிழமை வந்தது, போனது. அக்கா பூ வைத்துக்கொள்ளவில்லை. என்னிடம் கோபம்கூடக் காட்டவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை. குழம்பில் ஒரு நாள் உப்பே இல்லை, மறுநாள் இரண்டு முறை போட்டிருந்தாள். ஒரு கடை தோற்றதற்கு ஒரு மனுஷி இப்படியா ஆவாள் என்று எனக்குப் புரியவில்லை.

இரண்டு மூன்று வாரம் கழித்து, சூப்பர் மார்க்கெட்டில் பெருங்காயம் தீர்ந்துபோயிருந்தது. எப்போது வரும் என்று கேட்டால் தெரியாது என்றார்கள். சரி என்று தேரடி வீதி மளிகைக் கடைக்கு நானே போனேன். கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"உங்க அக்கா ஏம்மா வர்றதே இல்ல? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்காங்க. இப்ப நாங்க வேற எடத்துல வாங்கறோம்" என்று இழுத்தேன்.

அவர் பெருங்காயத்தை மடித்துக்கொண்டே சொன்னார். "எங்க வேணா வாங்குங்கம்மா. போன வாரமும் அவங்க அப்பா வந்தாரு. சாக்கு மேல உக்காந்து வாசலையே பாத்துக்கினு இருந்தாரு. கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எழுந்து போனாரு. கையில முறுக்குப் பொட்டலம். அத இங்கயே வெச்சுட்டுப் போயிருக்காரு, பொண்ணு வந்தா குடுக்கச் சொல்லி."

பொட்டலத்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.

அக்காவின் அப்பாவுக்கும் என் மாமனாருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்பது மட்டும் எனக்குத் தெரியும். எல்லாம் ஒரு ஜோடி மாட்டால் வந்தது. சம்பந்தியிடமிருந்து மாமனார் வாங்கிய உழவு மாடுகளில் ஒன்று, வந்த சில நாளிலேயே நொண்ட ஆரம்பித்துவிட்டது. ஊனத்தை மறைத்து விற்றுவிட்டார் என்று இவர் சொன்னார். மாட்டை ஓட்டத் தெரியாமல் ஓட்டிக் கெடுத்துவிட்டார்கள் என்று அவர் சொன்னார். உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று அவர் சொல்லி நாலு வருஷம் ஆகியிருந்தது. மீதியைக் கடைக்காரர்தான் சொன்னார். அவருடைய ஊர் செங்கம் பக்கம். வியாழக்கிழமைதான் நிலக்கடலை மூட்டையோடு திருவண்ணாமலை மண்டிக்கு வருவார். வேலை முடிந்ததும் இந்தக் கடைக்கு வந்து உட்காருவார். அக்காவும் அந்த நேரத்துக்குப் போய்விடுவாள்.

வண்டு வரும் என்று அக்கா சொன்னது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் பொட்டலத்தை அக்கா பக்கத்தில் வைத்தேன். பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. முறுக்கை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டாள், கண்ணில் தண்ணீர் நின்றது.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேக்கா?"

"என்னான்னு சொல்றது? எங்கப்பாவப் பாக்கத்தான் அந்தக் கடைக்குப் போறேன்னா? மாமா காதுல விழுந்தா, இந்த வீட்டுச் சோத்தத் தின்னுக்கினு திருட்டுத்தனமாப் போறாளேன்னு நெனைக்க மாட்டாரா?"

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது நான் என் கடைக்கு எதிராகவே வாதாடினேன். புளி சரியில்லை, மிளகாய் சரியில்லை, பெருங்காயம் இல்லவே இல்லை. அதனால் மாதச் சாமான் அங்கே வாங்கலாம், புளி மிளகாய் மாதிரி சில்லறைச் சாமானை வாரத்துக்கு ஒரு முறை தேரடி வீதியில் வாங்கலாம். வியாழக்கிழமை தோதாக இருக்கும்.

மாமனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போன மாசம் அந்தக் கடைய அப்பிடித் தூக்கி வெச்சுப் பேசின. இப்ப என்னா? யாரு சொல்றதும் நம்பற மாதிரி இல்ல. வியாழக்கெழம நானே வந்து பாக்கறேன்."

அக்காவின் அப்பாவுக்கு வராதீர்கள் என்று சொல்லி அனுப்பவும் வழியில்லை. "வேணும்னா அன்னிக்கு நான் தலைவலின்னு படுத்துக்கறேன், என்னத் தனியா விட்டுட்டு மாமா கடைக்குப் போக மாட்டாரு" என்று அக்காவிடம் சொன்னேன். அவள், "வேணாம். வரட்டும். என்னா ஆவுதோ ஆவட்டும்" என்றாள்.

வியாழக்கிழமை மூன்று பேருமாகப் போனோம். நாங்கள் நுழையும்போதே அக்காவின் அப்பா அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மாமனார் அவரைப் பார்த்தார், அவர் மாமனாரைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைக்காரர் தராசுத் தட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். மாமனார் திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கடைக்காரரிடம் கேட்டார்.

"ஏம்பா, உன் கடைப் பருப்புல கல்லு ஜாஸ்தியா கீதே, ஏன்?"

கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் மூட்டைப் பக்கமிருந்து பதில் வந்தது. அதுவும் கடைக்காரருக்குத்தான். "கல்லு இருந்தா பொடைச்சுக்கலாம். பாக்கெட்டுல அடைச்ச பருப்பு போன வருசத்துதா, அதுக்கு முந்துன வருசத்துதான்னு யாருக்குத் தெரியும்? கேளுப்பா."

"வாயில போட்டா தெரியாதா, பழசா புதுசான்னு? நானும் விவசாயந்தான்னு சொல்லுப்பா."

"மாட்டயே பாத்து வாங்கத் தெரியாத ஆளு, பருப்ப எங்க பாத்து வாங்கப்போறாருன்னு கேளுப்பா."

மாமனார் தொடையில் தட்டினார். "பாத்தியா! பாத்து வாங்கலன்னா மாட்டுல என்னமோ கோளாறு இருந்துச்சுன்னுதானே அர்த்தம்? அவரே ஒத்துக்கினாரு!"

கடைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் தராசைக் கீழே வைத்துவிட்டார். சாமான் வாங்க நின்ற இரண்டு பெண்களும் சிரித்தார்கள். அக்காவின் அப்பாவுக்கு முகம் சிவந்தது. பிறகு அவருக்கே உதடு கோணிக்கொண்டது. எழுந்து வந்து மூட்டையிலிருந்து ஒரு பிடி பருப்பை அள்ளிக் கல்லா மேல் பரப்பினார். மாமனாரும் குனிந்தார். இரண்டு பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு பருப்பைக் கடித்து, நிறத்தைப் பார்த்து, நகத்தால் சுரண்டி, ஒவ்வொன்றையும் கடைக்காரரிடமே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பாக்கெட்டுப் பருப்பு எங்க வீட்ல கீது. வந்து பாத்துட்டு அப்புறமா பேசச் சொல்லுப்பா" என்றார் மாமனார், ஒரு வேகத்தில்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், வளையல் அழுந்தியது.

கடைக்காரர் கும்பிட்டார். "சாமிங்களா, நான் எத்தினி நேரந்தான் நடுவுல தபால்காரன் வேல பாக்கறது? நேராவே சொல்லிடுங்க."

மாமனார் நிமிர்ந்தார். தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "வாங்க சம்பந்தி" என்றார். "வீட்டுக்கு வாங்க. பொண்ணு கையால ரெண்டு வாய் சாப்டுட்டு பஸ் ஏறுங்க."

அவர் வந்தார். அக்கா இரண்டு கடைப் பருப்பையும் தனித்தனிப் பாத்திரத்தில் வேகவைத்தாள். இரண்டு பெரியவர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நெய் விட்டுப் பிசைந்து, மாற்றி மாற்றிச் சாப்பிட்டார்கள். இரண்டு பேரும் ஒரே பருப்பைத்தான் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். இது எந்தக் கடையுது என்று கேட்டதற்கு, "தெரியலப்பா, எடம் மாத்தி வெச்சுட்டேன்" என்று அக்கா சொல்லிவிட்டாள். என்னிடமும் அவள் கடைசிவரை சொல்லவில்லை. மாட்டுப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்காமல் இல்லை. வருஷத்துக்கு ஒரு முறை எடுப்பார்கள், கத்துவார்கள், காபி கேட்பார்கள். அந்த வருஷக் கார்த்திகை தீபத்துக்கு அக்காவின் பிறந்த வீட்டார் மொத்தமாக வந்து எங்கள் வீட்டு மாடியில்தான் படுத்துக்கொண்டார்கள்.

சாமான் வாங்குவது நான் சொன்னபடியே ஆனது. மாதத்துக்கு ஒரு முறை அங்கே, வாரத்துக்கு ஒரு முறை இங்கே. முதல் தேதி கழிந்த ஒரு சாயங்காலம் அக்காவை நான் சூப்பர் மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனேன். அதுவரை அவள் உள்ளே கால் வைத்ததில்லை. வாசலில் பையைக் கேட்டபோது கொடுக்க மாட்டேன் என்று ஒரு சண்டை. உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தி, "எடுத்துப் பாக்கலாமா? திட்ட மாட்டாங்களா?" என்று கேட்டாள்.

"பாருக்கா, யாரும் கேக்க மாட்டாங்க."

சோப்பு அலமாரிக்கு முன்னால் நின்றவள்தான். ஒவ்வொரு சோப்பாக எடுத்து, காகிதத்தோடு மூக்கில் வைத்து, கண்ணை மூடி முகர்ந்து பார்த்தாள். சந்தனம், ரோஜா, எலுமிச்சை, பெயர் தெரியாத ஏதோ ஒரு வெளிநாட்டுப் பூ. முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். பில் போடும் பெண் எட்டிப் பார்த்தாள். எனக்குச் சங்கடமாக இருந்தது, ஆனால் அவசரப்படுத்தத் தோன்றவில்லை. நான் போய் எண்ணெய், சர்க்கரை எல்லாம் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோதும் அக்கா அங்கேயேதான் இருந்தாள், கையில் இரண்டு சோப்புகளோடு, எதை விடுவது என்று தெரியாமல்.